முற்றத்துக்குச் செயற்கைப் புல்லா, மலேசியன் புல்லா?

கொழும்பில் எட்டு, பத்து பேர்ச் காணியில் வீடு, மதில், கராஜ் எல்லாம் போக ஒரு துண்டு நிலம்தான் மிஞ்சும். அதில் பிளாஸ்டிக் இழையாலான செயற்கைப் புல்லை விரிப்பதா, மலேசியன் புல் என்கிற உயிர்ப் புல்லை நடுவதா என்று பெரும்பாலானோர் விலையையும் பச்சை நிறத்தையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: அங்கே விழுகிற மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

கலிபோர்னியாவில் கடும் வறட்சி நிலவிய 2015இல், வீட்டு முற்றங்களில் செயற்கைப் புல்லை நகர சபைகள் தடைசெய்யக்கூடாது என்று மாநிலம் சட்டம் இயற்றியது. 2023இல் அதைத் திருத்தி, தடைசெய்யும் அதிகாரத்தை நகரங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. அங்கே செயற்கைப் புல்லுக்கு இருந்த பெரிய ஆதரவு தண்ணீர் மிச்சம் என்பதுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொழும்புக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

இங்கே வீட்டுப் பிளானுக்கு அனுமதி எடுக்கும்போது, நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படி பின்புறம் திறந்த வெளி காட்ட வேண்டும். வீடு முடிந்த பிறகு அந்த இடத்தைக் கொங்கிரீட்டால் மூடி, மேலே செயற்கைப் புல்லை ஒட்டுவதுதான் பலர் செய்வது. பார்க்கப் பச்சையாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மண்ணுக்குள் போகாது. எல்லாம் பக்கத்து வளவுக்கும் தெருக் கானுக்கும் ஓடும். 2010இலும் 2016 மே மாதத்திலும் வெள்ளம் பார்த்த ஊரில் இது சின்ன விஷயமில்லை.

அடுத்தது நுளம்பு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, வளவில் நுளம்பு பெருக இடம் கொடுக்காமல் வைத்திருப்பது அங்கே இருப்பவரின் பொறுப்பு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார், வழக்கும் போடலாம். 2017இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குவால் பாதிக்கப்பட்டதை மறக்க முடியாது. சரிவு சரியில்லாத கொங்கிரீட்டில் விரிப்பின் ஓரத்தில் தேங்கும் நீரும், மிச்சத் துண்டைச் சுருட்டி மூலையில் வைத்தால் அதில் நிற்கும் நீரும் வெளியே தெரியாது. முட்டையிலிருந்து நுளம்பு வர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

செயற்கைப் புல்தான் வேண்டும் என்றால், மண்ணை இறுக்கி, மெட்டலும் (உடைத்த கருங்கல்) குவாரி டஸ்ட்டும் (கல் தூள்) பரப்பி, அதன்மேல் துளையுள்ள விரிப்பைப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் இறங்கும். கொங்கிரீட்டை விட எவ்வளவோ மேல். ஆனால் வெயில் பிரச்சினை தீராது: நேர் வெயிலில் பிளாஸ்டிக் இழைகள் 60 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடாகும், பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்க முடியாது. சில ஆண்டுகளில் இழை உதிர்ந்து கானில்தான் சேரும்.

மலேசியன் புல்லுக்கு வெட்டுகிற வேலை உண்டு, களை பிடுங்க வேண்டும், பெப்ரவரி வெயிலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஓரளவு நிழலைத் தாங்கும். பக்கத்தில் மாடிக் கட்டடம் எழும்பி வெளிச்சமே இல்லாத இடத்தில் அதுவும் வராது. அங்கே வெறும் சரளைக் கல் போதும். இலை கொட்டுகிறது என்று புல்விரிப்புக்காக மரத்தை வெட்டும் முன் மட்டும் தயவுசெய்து ஒருமுறை யோசியுங்கள். பலா, ஈரப்பலா என்றால் அனுமதியில்லாமல் வெட்டவும் முடியாது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடி வீடுகளின் கதை தனி. உங்கள் பல்கனியில் விரிப்பதென்றால் தண்ணீர் போகும் துளையை மறைக்காமல் விரியுங்கள், போதும். மொட்டைமாடி பொதுச் சொத்தாக இருந்தால் கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். ஈரம் தேங்கி கீழ்வீட்டுச் சீலிங் ஒழுகினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மண்ணே இல்லாத இந்த இடங்களில் செயற்கைப் புல்லை நான் குறை சொல்ல மாட்டேன். மண் இருக்கும் முற்றத்தில் என் தெரிவு மலேசியன் புல்.