ஒரு பைபர் இணைப்பு, ஐந்து கணினிகள்: கடலோர வீட்டில் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

100 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பு ஒன்று நான்கைந்து கணினிகளுக்குத் தாராளமாகப் போதும். வீடியோ கூட்டம் ஒன்றுக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு கூட்டமும் ஒரு படமும் ஒரே நேரத்தில் ஓடினால் மூன்றில் ஒரு பங்குதான் செலவாகும். அப்படியிருந்தும் மாடி அறைக் கணினியில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால், திட்டத்தை 300 எம்பிபிஎஸ்ஸுக்கு உயர்த்துவது வீண். புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து வீடுகளில் ஆண்டுக்கணக்கில் ஓடும் இணைப்புகளைப் பார்த்தவரை, கோளாறு தெருவில் இருப்பதைவிட, பைபர் ஒளியை நெட்டாக மாற்றித் தரும் ஓஎன்டி பெட்டிக்கும் மேசைக்கும் நடுவில் இருப்பதே அதிகம்.

பைபர் போட வருபவர், கம்பத்திலிருந்து வரும் கேபிள் எந்த ஜன்னலுக்கு எட்டுகிறதோ அங்கேயே ஓஎன்டியை மாட்டிவிட்டுப் போவார். அது பெரும்பாலும் வாசல் பக்கம். கணினிகள் இருப்பதோ பின்கட்டிலும் மாடியிலும். அவர் வரும் நாளிலேயே வீட்டின் நடுப்பகுதியைக் காட்டி, உள்ளே இன்னும் 10 மீட்டர் இழுத்துத் தரச் சொல்லிவிடுங்கள். பிறகு நகர்த்துவதென்றால் ஒட்டுப்போட வேண்டிவரும். பைபரை 3 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது, கதவிடுக்கில் நசுங்கவிடக் கூடாது. பச்சை முனை பச்சைத் துளைக்கு, நீல முனை நீலத் துளைக்கு. மாற்றிச் செருகினாலும் உள்ளே போய்விடும். ஆனால் பச்சை முனை சாய்வாகத் தீட்டப்பட்டது என்பதால் ஒளி வீணாகும்.

ஓஎன்டியில் நான்கு லேன் போர்ட் (உள்வலை ஒயர் செருகும் துளை) இருந்தாலும், மலிவான மாடல்களில் ஒன்று மட்டுமே ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றவை 100 எம்பிபிஎஸ். 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் வேகச் சோதனை எப்போதும் 94 பக்கத்திலேயே நிற்கிறதென்றால் போர்ட்டையோ கேபிளையோதான் சந்தேகப்பட வேண்டும். அந்த ஜிகாபிட் போர்ட்டில் 8 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்றைச் செருகி, எல்லாக் கணினிகளையும் அங்கிருந்து பிரிப்பது நல்லது. 5 போர்ட் ஸ்விட்ச்சில் ஒன்று ஓஎன்டிக்கே போய்விடும். பிரிண்டரும் டிவியும் வந்ததும் இடம் தீர்ந்துவிடும். ஒரே கேபிளின் இரு முனைகளும் தெரியாமல் அதே ஸ்விட்ச்சில் செருகப்பட்டால் வீடு முழுக்க நெட் படுத்துவிடும். எல்லா விளக்குகளும் ஓயாமல் ஒன்றாகச் சிமிட்டுவது அதன் அடையாளம்.

வைஃபையை மட்டும் நம்பிக் கணினிகளை ஓட்டுவது இந்த ஊர் வீடுகளுக்கு ஒத்துவராது. முற்றமும் தாழ்வாரமும் கொண்ட பழைய புதுச்சேரி வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும், இரண்டாவதைத் தாண்டாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும். ஆனால் நெருக்கமான தெருக்களில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் மோதிக்கொண்டிருக்கும். அதில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றின் மேல் ஒன்று படியாதவை. இடையில் 3, 4 என்று வைத்தால் இரு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும். மேசைக் கணினி, டிவி, பிரிண்டர் மூன்றுக்கும் ஒயர் போட்டுவிட்டு, வைஃபையைக் கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் விடுவதே எங்கள் உறுதியான பரிந்துரை. மாடியில் வைஃபை வேண்டுமென்றால், அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டாம். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். ஒயர் இழுத்து, மாடியில் ஒரு ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட்டாக (ஒயரில் வரும் நெட்டை வைஃபையாக மட்டும் தரும் பெட்டியாக) வையுங்கள்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரை எடுத்து, ஓஎன்டியிலிருந்து வரும் ஒயரை அதன் வான் (WAN, வெளிநெட் நுழையும்) போர்ட்டில் செருகினால் நெட் வரும். வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் வீடு இரண்டு வலைகளாகப் பிரிந்துவிட்டது. மாடிக் கணினி கீழே உள்ள பிரிண்டரைத் தேடினால் கிடைக்காது. கோப்புப் பகிர்வில் ஒன்றையொன்று பார்க்காது. லேன் போர்ட்டில் செருகினாலோ வேறொரு வம்பு: இரண்டு பெட்டிகளும் ஐபி முகவரி (வலையில் ஒவ்வொரு கருவிக்குமான எண்) வழங்க ஆரம்பிக்கும். இரண்டாவது ரவுட்டரிடம் முகவரி வாங்கிய கணினிக்கு அந்த ரவுட்டரே வாசல் என்று சொல்லப்படும். அதற்கு வெளியே வழி கிடையாது. அதனால் சில கணினிகளில் நெட் வரும், சிலவற்றில் வராது. மறுநாள் அது இடம் மாறும். நாள் முழுக்கத் தேடினாலும் பிடிபடாத கோளாறு இது.

சரியான முறை: பழைய ரவுட்டரை முதலில் ஒரு கணினியோடு மட்டும் இணைத்து, அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (ஓஎன்டி 192.168.1.1 என்றால்). ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி வசதியை நிறுத்துங்கள். பிறகு ஓஎன்டி ஒயரை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். வான் போர்ட் காலியாகவே இருக்கட்டும். ஓஎன்டியின் டிஹெச்சிபி வரம்பை 192.168.1.50 முதல் 200 வரை என்று சுருக்கினால், 50க்குக் கீழே உள்ள எண்களைப் பிரிண்டர் போன்றவற்றுக்கு நிலையாகக் கொடுக்கலாம். முகவரி வழங்கும் பெட்டி வீட்டில் ஒன்றே இருக்க வேண்டும். ஓஎன்டியை பிரிட்ஜ் ஆக்கி (ரவுட்டர் வேலை செய்யாமல் நெட்டைக் கடத்த மட்டும் விட்டு), சொந்த ரவுட்டரில் பிபிபிஓஇ கணக்கை (இணைப்புத் தருபவர் கொடுத்த பெயரும் கடவுச்சொல்லும்) ஏற்றும் வழியும் உண்டு. அப்போது எம்டியூ (ஒரு தரவுத் துண்டின் உச்ச அளவு) 1492 ஆக இருக்கிறதா என்று பாருங்கள்; 1500 என்றிருந்தால் சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கும். தொலைபேசியும் ஓஎன்டியில் ஓடினால், பிரிட்ஜ் ஆக்குமுன் இணைப்புத் தருபவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவு விலைக் கேட்-6 கேபிள் பலவும் அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம் பூசியவை. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். முழுச் செம்பு 305 மீட்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே கனம் சொல்லிவிடும். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று முலாம் உடைந்த இடத்தில் புகுந்து அலுமினியத்தை அரிக்கும். எட்டுக் கம்பிகளில் நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒன்று போனாலும் பெரும்பாலும் நெட் நிற்பதில்லை என்பதுதான் தொல்லை. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டே ஜோடி போதும். ஆகவே இணைப்பு ஓசையில்லாமல் 100க்கு இறங்கி அப்படியே ஓடும். விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீடு 1000/1000 என்று இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

கிரிம்ப் செய்யும் (கனெக்டரில் கம்பிகளை அழுத்திப் பொருத்தும்) வரிசை, இரு முனையிலும் ஒன்றே: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்க வேண்டாம். கேபிளின் வெளித்தோல் கனெக்டருக்குள் புகுந்து, அதன் பிடியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் இழுவை முழுக்கக் கம்பி மேல் விழும். கரண்ட் ஒயர் போகும் குழாயிலேயே லேன் கேபிளை நுழைக்காதீர்கள். மொட்டை மாடி வழியாகப் போகும் சாதாரண கேபிளின் தோல் வெயிலில் வெடித்துவிடும். பிவிசி குழாய்க்குள் விடுங்கள், அல்லது வெளிப்புறத்துக்கான கறுப்புத் தோல் கேபிளை வாங்குங்கள். சுவருக்குள் நுழையுமுன் கேபிள் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறினால், மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே வராது.

பின்பக்கத் தனி அறைக்கு வெட்டவெளியில் செம்பு ஒயர் இழுத்தால், ஐப்பசி இடிமழையில் ஸ்விட்ச் போர்ட் கருகக்கூடும். இரண்டு மீடியா கன்வெர்ட்டர் (செம்பு ஒயரையும் பைபரையும் இணைக்கும் பெட்டி), நடுவில் பைபர் என்று போட்டால் மின்னலின் அலை அந்த வழியே தாவாது.

எல்லாம் சரியாக இருந்தும் கூட்டத்தில் குரல் அறுந்தால், அப்லோடைப் பாருங்கள். ஒரு கணினி படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கினால் மற்றவர்களின் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் வரிசையில் பின்னால் நிற்கும். ரவுட்டரில் க்யூஓஎஸ் (போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் வசதி) இருந்தால் அப்லோடு, டவுன்லோடு இரண்டையும் உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வரம்பிடுங்கள். வேகம் சற்றுக் குறைந்தாலும் பேச்சு தெளியும். விண்டோஸ் புதுப்பிப்பை உள்வலையின் கணினிகளுக்குள்ளேயே பகிரும் டெலிவரி ஆப்டிமைசேஷன் வசதியை இயக்கினால், ஒவ்வொரு கணினியும் அதே கோப்பைத் தனித்தனியாக வெளியிலிருந்து முழுதாக இறக்க வேண்டியிருக்காது. திட்டத்தின் மாத வரம்பும் மிஞ்சும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் ஓஎன்டி அணைந்து எழுந்தால், மறுபடி இணைய இரண்டு மூன்று நிமிடம் ஆகும்; பழைய பிபிபிஓஇ தொடர்பு மறுமுனையில் விடுபடாமல் இருந்தால் இன்னும் கூட. 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று இதைத் தீர்க்கும். ஆனால் ஒவ்வொரு பெட்டியின் அடாப்டரிலும் எழுதியிருப்பதைப் படியுங்கள்: ஓஎன்டி 12 வோல்ட் என்றாலும் ஸ்விட்ச் 5 வோல்ட்டாக, ரவுட்டர் 9 வோல்ட்டாக இருக்கலாம். அடாப்டர் முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகினால் பெட்டி போய்விடும்.

உலாவியில் திறக்கும் ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) என்ற எண்ணை முதல் நாளே குறித்து வையுங்கள். −15 முதல் −25 டிபிஎம் வரை நலம். −27ஐத் தாண்டினால் தொடர்பு அறுந்து அறுந்து வரும். 3 டிபி குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது. புகார் கொடுக்கும்போது "நெட் சரியில்லை" என்பதைவிட "−19 இருந்தது, இப்போது −26" என்று சொன்னால் நேராகக் கம்பத்துக்கே ஆள் வருவார். 2011 தானே புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மாதிரி வந்தால் கம்பமும் கேபிளும் சேர்ந்தே சாயும். அந்த நாட்களில் ஸ்விட்ச்சும் முகவரி வழங்கும் பெட்டியும் ஓடினாலே உள்வலையில் கோப்பும் பிரிண்டரும் வேலை செய்யும். ஓஎன்டியை பிரிட்ஜ் ஆக்கிச் சொந்த ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு, வெளிநெட்டுக்கு அதன் யூஎஸ்பியில் 4ஜி டாங்கிள் செருகும் வசதி இருந்தால் எல்லாக் கணினிகளும் பிழைக்கும். மழைக்காலம் முடிந்து போகிக்கு வீட்டை ஒதுக்கும்போது, வெளிச்சுவர்ப் பக்கம் இருக்கும் கனெக்டர்களைக் கழற்றிப் பாருங்கள். பின்னில் பச்சை பூத்திருந்தால் துடைக்க வேண்டாம், வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்.