ஹாங்காங் டிஸ்னி 'பிரின்சஸ் பேக்கேஜ்'னு காசு கேட்டா உஷாரா இருங்க

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இருக்கவங்க யாராச்சும் மே லீவுக்கு பிள்ளைகள ஹாங்காங் டிஸ்னிலேண்ட் கூட்டிட்டுப் போறதா இருந்தா இத படிச்சுட்டு அட்வான்ஸ் குடுங்க. நம்ம ஊரு டிராவல்ஸ் ஒண்ணுல டிக்கெட், ஹோட்டலுக்கு மேல 'பிரின்சஸ் பேக்கேஜ்'னு பிள்ளைக்கு இவ்வளவுன்னு தனியா வாங்குறாங்க. இளவரசிங்க கூட போட்டோ, அப்புறம் பிபிடி பாபிடி பொட்டிக்னு பார்க்குல இருக்க பிள்ளைங்க அலங்காரக் கடையில கவுன் போட்டு கொண்டை போட்டு கிரீடம் வச்சு முழு மேக்கப், எல்லாம் சேத்துன்னாரு அந்த டிராவல்ஸ்காரரு. "ஆச்சி, பிள்ளைக்கு தலைகூட பின்ன வேணாம், அப்படியே கூட்டிட்டுப் போங்க"ன்னு வேற.

அங்க போனா கவுன்டர்ல இருந்த பொண்ணு நாங்க குடுத்த பேப்பர திருப்பித் திருப்பி பாக்குது, புக்கிங் நம்பர் எங்கன்னு கேக்குது. எங்க இருக்கும்? இவரு கடையில பிரின்ட் போட்டது, மேல கலர்ல ஒரு கோட்டைப் படம், கீழ அவரு சீலு, அவ்வளவுதான். எங்க பேர்ல புக்கிங்கே இல்ல, அன்னிக்கு இடமும் ஃபுல். சின்னவ பின்னாத முடி வேர்வையில கழுத்தெல்லாம் ஒட்டிக்கிட்டு, கிரீடம் அடுக்கி வச்சிருக்க அலமாரியவே பாத்துக்கிட்டு நிக்கிறா, அழவாச்சும் செஞ்சிருந்தா தேவலை. கடைசில எங்க மாமியார் தான் "வா, அப்பத்தா ஜடை போட்டு விடுறேன்"னு பெஞ்சுல உக்கார வச்சாக.

சரி போட்டோவாச்சும் எடுப்போம்னு ராயல் பிரின்சஸ் கார்டன் போனா, அதுக்கு பாஸே கிடையாதாம், என்ட்ரி டிக்கெட்டோட லைன்ல நின்னா எல்லாருக்கும் ஃப்ரீ. அதுக்குத்தான் 'மீட் பாஸ்'னு காசு வாங்கிருக்காரு! பார்க் மேல குறையே சொல்ல மாட்டேன், 13 இளவரசி, ராணி கதைகள வச்சு 2020ல திறந்த அந்தக் கோட்டை ஒண்ணே போதும்.

ஊருக்கு வந்து பில்ல பாத்தா இன்னும் இருக்கு. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங்ல 14 நாள் வரை விசா வேணாம், முன்னாடியே ஆன்லைன்ல பதிவு பண்ணணும், 2017ல இருந்து இப்படித்தான், கவர்மென்ட் வெப்சைட்ல ஃப்ரீ. இவரு தலைக்குத் தலை 'விசா சார்ஜ்' போட்டிருக்காரு. 3 வயசு ஆகாத பிள்ளைக்கு பார்க் டிக்கெட்டே கிடையாது, நாத்தனார் மகனுக்கு ரெண்டு வயசுதான், அவனுக்கும் ஒரு டிக்கெட் காசு.

கேட்டா "அங்க சிஸ்டம் ஃபால்ட் ஆச்சி"ங்கிறாரு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளெய்ன்ட் குடுத்தாச்சு, சரி வரலைன்னா சிவகங்கை கன்ஸ்யூமர் கோர்ட்டுதான், குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ்கூட கிடையாது. இதுல கொடுமை என்னன்னா, கோட்டை முன்னாடி எடுத்த எங்க போட்டோவயே 'ஹேப்பி கஸ்டமர்ஸ்'னு ஸ்டேட்டஸ்ல வச்சிருக்காரு. அத பாத்துட்டு பணம் கட்டினவங்க இருந்தா பொட்டிக் புக்கிங் நம்பர இப்பவே கேட்டு வாங்குங்க, நாளைக்குன்னு இழுத்தாருன்னா காச திருப்பி வாங்கிட்டுத்தான் கடைய விட்டு எந்திரிக்கணும்.