‘ஜஸ்டிஸ்’ விரிவுரைத் தொடர்: அறவியலைத் தொடங்குபவருக்கு ஒரு மதிப்பீடு

அறவியலைப் பாடப்புத்தகத்தின் வழியே தொடங்குபவர் முதலில் எதிர்கொள்வது பயன்நோக்குவாதம், கடமைவாதம், ஒப்பந்தவாதம் என்று நீளும் பெயர்களைத்தான். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் ‘ஜஸ்டிஸ்’ விரிவுரைத் தொடர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. சாண்டர்ஸ் அரங்கை நிறைத்திருக்கும் மாணவர்களிடம் அவர் ஒரு சிக்கலை முன்வைக்கிறார், கை உயர்த்தச் சொல்கிறார், காரணம் கேட்கிறார், அந்தக் காரணத்துக்குள் மறைந்திருக்கும் கொள்கையை வெளியே எடுத்த பிறகே அதற்குரிய தத்துவவாதியை அறிமுகப்படுத்துகிறார். 2009-இல் இணையத்தில் இலவசமாக வெளியான இத்தொடரில் ஏறத்தாழ ஒரு மணி நேர அளவில் 12 அத்தியாயங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு விரிவுரைகளைக் கொண்டது. முன்பயிற்சி இல்லாதவரும் தடையின்றிப் பின்தொடரலாம். ஆனால், சிக்கலைத் தேர்ந்தெடுக்கும் விதமே விடையையும் பாதி தீர்மானித்துவிடுகிறது என்பதைக் கவனத்தில் கொண்டு பார்க்க வேண்டிய தொடர் இது.

முதல் அத்தியாயம் கட்டுப்பாட்டை இழந்து ஓடும் டிராம் வண்டியுடன் தொடங்குகிறது. ஐவரைக் காக்க வண்டியை ஒருவர் மட்டும் நிற்கும் தடத்துக்குத் திருப்பலாம் என்று சொல்லும் பெரும்பான்மை, பாலத்தின் மேல் நிற்கும் பருத்த மனிதரைத் தள்ளிவிட்டு அதே ஐவரைக் காக்கலாமா என்று கேட்டவுடன் பின்வாங்குகிறது. தத்துவவாதி பிலிப்பா ஃபுட் 1967-இல் எழுதிய கட்டுரையில் தோன்றி, பின்னர் இன்னொரு தத்துவவாதியான ஜூடித் ஜார்விஸ் தாம்சனால் விரிவாக்கப்பட்ட சிக்கல் இது. கருக்கலைப்பு குறித்த விவாதத்தில், ஒரு விளைவை நோக்கமாகக் கொள்வதற்கும் அதை முன்கூட்டியே அறிந்திருப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஆராய்வதே ஃபுட்டின் தேவையாக இருந்தது. அந்தப் பின்னணியைத் தனியே படித்துக்கொண்டால் இது வெறும் புதிராகத் தோன்றாது.

என் பார்வையில், அதே அத்தியாயத்தின் இரண்டாம் பாதியே முழுத் தொடருக்கும் முதுகெலும்பு. 1884-இல் ‘மிக்னோனெட்’ என்ற படகு தென் அட்லாண்டிக்கில் மூழ்க, நால்வர் உயிர்காப்புப் படகில் பல நாட்கள் உணவும் நன்னீரும் இன்றித் தத்தளித்தனர். கடல்நீரைக் குடித்து நோயுற்றுக் கிடந்த 17 வயதுப் பணியாள் ரிச்சர்டு பார்க்கரைத் தலைவர் டட்லி கொன்றார். எஞ்சிய மூவரும் அந்த உடலை உண்டு உயிர் பிழைத்தனர். டட்லிக்கும் அவருக்கு உடந்தையாக இருந்த துணை மாலுமி ஸ்டீபன்ஸுக்கும் விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தால் சரியா, பார்க்கரே சம்மதித்திருந்தால் சரியா, எந்நிலையிலும் கொலை கொலைதானா என்று மாணவர்கள் பிரிகிறார்கள். நியாயமான நடைமுறை எந்த முடிவையும் நியாயமாக்கிவிடுமா, சம்மதத்துக்கு என்ன அறவலிமை உண்டு, மனிதருக்கு மீற முடியாத உரிமைகள் இருக்கின்றனவா என்ற மூன்று கேள்விகளையும் அங்கிருந்து பிரித்தெடுத்து, மீதமுள்ள அத்தியாயங்களை அவற்றின் மீது எழுப்புகிறார் சாண்டல். நிகழ்வு எந்தத் தரப்புக்கும் எளிதாக அமையவில்லை என்பதால் இந்த விவாதம் நேர்மையாக நடக்கிறது.

இரண்டாம் அத்தியாயத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. மொத்த இன்பத்தை அதிகரிப்பதே சரியான செயல் என்று கூறும், ஆங்கிலத் தத்துவவாதி பெந்தாமின் பயன்நோக்குவாதத்தை விளக்க ஃபோர்டு பின்டோ கார் எடுத்துக்காட்டாகிறது: எரிபொருள் தொட்டியைப் பாதுகாப்பாக்கும் செலவு 13.7 கோடி டாலர்; தவிர்க்கப்படும் மரணங்களுக்கும் காயங்களுக்கும் சேதங்களுக்கும் போடப்பட்ட மதிப்பு 4.95 கோடி டாலர். கேட்டவுடன் அருவருப்பு எழுகிறது. ஆனால் அந்தக் கணக்கு பின்டோவுக்கென்று தனியாகப் போடப்பட்டதன்று. கார்கள் கவிழும்போது எரிபொருள் கசிவது குறித்த விதியொன்றைப் பற்றி, அமெரிக்கச் சந்தையின் வாகனங்கள் அனைத்தையும் கருத்தில்கொண்டு, சாலைப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்புக்காகத் தயாரிக்கப்பட்டது. உயிர் ஒன்றுக்கு 2,00,000 டாலர் என்ற மதிப்பும் அந்த அமைப்பிடமிருந்தே வந்தது. உண்மைப் பின்னணியில் கேள்வி இன்னும் கடினமானது: விதிகளை வகுக்கும் அரசு, உயிருக்கு ஏதோவொரு மதிப்பைக் கருதிக்கொள்ளாமல் எந்த அளவு பாதுகாப்பு போதும் என்று முடிவெடுக்க முடியுமா? லாபவெறி கொண்ட நிறுவனத்தை முன்னிறுத்தியதால், பயன்நோக்குவாதி சொல்லக்கூடிய வலிமையான பதில் அரங்கில் ஒலிக்கவேயில்லை. பெந்தாமுக்குப் பின்வந்த பயன்நோக்குவாதி மில்லின் உயர்ந்த இன்பம், தாழ்ந்த இன்பம் பற்றிய பகுதி சுவையானது; ஆனால் இந்தக் குறையை அது ஈடுசெய்வதில்லை.

விளைவை அல்ல, கடமையையும் நோக்கத்தையும் அளவுகோலாக்கிய ஜெர்மன் தத்துவவாதி கான்ட் பற்றிய பகுதியில் தொடர் உச்சத்தை அடைகிறது. வாடிக்கையாளரை ஏமாற்றினால் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சிச் சரியான சில்லறை தரும் வணிகர் சரியாகத்தான் நடக்கிறார், ஆனால் அச்செயலுக்கு அறமதிப்பு இல்லை என்ற கருத்து, 1785-இல் வெளிவந்த மிகக் கடினமான நூலிலிருந்து வருகிறது என்பதை நம்ப முடியாத அளவுக்குத் தெளிவாக விளக்கப்படுகிறது. வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் நண்பரைத் தேடி வரும் கொலையாளியிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று கான்ட் 1797-இல் வாதிட்டதையும் சாண்டல் தவிர்க்கவில்லை. பொய் சொல்லாமல், திசைதிருப்பும் உண்மையைச் சொல்லலாம் என்று காட்டி, முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தம் தகாத உறவை மறுக்கக் கவனமாகப் பயன்படுத்திய சொற்களைத் துணைக்கு அழைக்கிறார். இந்தச் சமாதானம் எனக்கு முழு நிறைவு தரவில்லை. கேட்பவரை வெறும் கருவியாக நடத்தாதே என்பதே கான்ட்டின் கட்டளை என்றால், உண்மையைக் கொண்டு ஏமாற்றுவதும் அதை மீறத்தான் செய்கிறது.

அமெரிக்க அரசியல் தத்துவவாதி ஜான் ரால்ஸுக்கான விரிவுரையில் ஒரு கணம் மறக்க முடியாதது. உழைப்பால் பெற்றது உழைத்தவருக்கே உரியது என்று மாணவர்கள் வாதிடும்போது, முயற்சி செய்யும் ஆர்வம்கூடப் பிறப்பு வரிசையைச் சார்ந்தது என்று உளவியலாளர்கள் சொல்வதைச் சுட்டி, குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர்கள் கை உயர்த்துங்கள் என்கிறார் சாண்டல். அரங்கின் பெரும்பகுதி கை உயர்த்துகிறது. உழைக்கும் மனமும் நாம் தேடிப் பெற்றதன்று என்பதை உணர்த்த இதைவிடக் கூர்மையான உத்தி இல்லை. (சிறு குடும்பங்களில் ஒருவரோ இருவரோதான் பிள்ளைகள், எனவே தலைப்பிள்ளைகளே இயல்பாகப் பாதிக்கு மேல் இருப்பார்கள் என்பதை உடன் நினைவில் கொள்வது நல்லது.) தாம் யாராக, எந்த நிலையில் இருப்போம் என்று தெரியாதபடி மறைக்கும் அறியாமைத் திரையின் பின்னே நின்று சமூகத்தின் விதிகளைத் தேர்ந்தெடுக்கும் ரால்ஸின் கற்பனை இதற்குப் பிறகு எளிதாகப் புரிகிறது. தனிமனித உரிமையையும் சொத்துரிமையையும் முன்னிறுத்திய நோசிக், லாக் ஆகியோர் பற்றிய பகுதிகள் தரமானவை, ஆனால் சற்று நீளமானவை.

அரிஸ்டாட்டிலுக்கு வந்ததும் தொனி மாறுகிறது. கால் குறைபாட்டால் நடப்பதற்குச் சிரமப்பட்ட கோல்ஃப் வீரர் கேசி மார்ட்டினுக்குப் போட்டியின்போது வண்டியில் செல்ல உரிமை உண்டா என்ற வழக்கில் (அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது), விளையாட்டின் நோக்கம் எது என்று கேட்காமல் உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்று அழகாகக் காட்டுகிறார். ஆனால் இது அவருடைய சொந்த நிலைப்பாட்டுக்குச் செல்லும் பாதை. ஒரே பாலினத்தவர் திருமணம் பற்றிய இறுதி அத்தியாயம் முடியும்போது, நல்வாழ்வு எது என்ற கேள்வியிலிருந்து அரசு விலகி நிற்க முடியாது என்ற முடிவை நோக்கி நாம் அழைத்துவரப்பட்டிருப்போம். பயன்நோக்குவாதத்துக்கு அடுக்கடுக்காக வைக்கப்பட்ட மறுப்புகள் போல இதற்கு எதுவும் வைக்கப்படுவதில்லை.

விலங்குகளின் அறநிலை, பருவநிலை மாற்றம், உறவுகளையும் அக்கறையையும் மையமாக்கி உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982-இல் முன்வைத்த பரிவு அறவியல், அற உண்மைகள் புறவயமானவையா என்ற அடிப்படைக் கேள்வி ஆகியவற்றுக்குத் தனி அத்தியாயம் இல்லை. நீதி என்ற தலைப்புக்கு இது பொருந்தலாம்; அறவியல் முழுவதையும் எதிர்பார்ப்பவர் தத்துவவாதி பீட்டர் சிங்கரின் 1972-ஆம் ஆண்டுப் பஞ்ச நிவாரணக் கட்டுரையையாவது சேர்த்துப் படிக்க வேண்டும். நேரம் குறைவாக உள்ளவர் 1, 6, 7, 8 ஆகிய அத்தியாயங்களை மட்டும் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் சாண்டல் வாக்கெடுப்புக் கேட்டதும் காணொளியை நிறுத்தித் தம் விடையையும் காரணத்தையும் எழுதிக்கொண்டால், அடுத்த அத்தியாயத்தில் அந்தக் காரணம் தாக்குப்பிடிக்கிறதா என்று அவரே சோதித்துப் பார்க்கலாம்.