மணல் வளவுக்குச் சொட்டு நீர் கிட்: எதை நம்பி வாங்கலாம், எதை மாற்ற வேண்டும்

வீட்டுத்தோட்டத்துக்கென்று பெட்டியில் வரும் சிறிய சொட்டு நீர்ப்பாசனக் கிட்டைப் பற்றியது இந்த மதிப்பீடு. 16 மில்லிமீற்றர் கறுப்புக் குழாய் 25 மீற்றர், மணிக்கு 4 லீற்றர் என்று அச்சிட்ட ட்ரிப்பர் (சொட்டு விடும் முனை) 60, வலை பில்டர் ஒன்று, குழாயைப் பிரிக்கும் T வடிவ இணைப்பு, குழாய் நுனியை மூடும் எண்ட் கப், நூல் மாதிரி மெல்லிய 4 மில்லிமீற்றர் ட்யூப், துளை போடும் பஞ்ச் ஆகியவை உள்ளே இருக்கும். தண்ணீர் நிரப்பும் பரலை (பீப்பாயை) நாமே தேட வேண்டும். விலை கூடிய பெட்டியில் டைமரும் சேர்ந்து வருகிறது.

குழாயும் ட்ரிப்பரும் நல்ல சாமான். கோடை வெயிலுக்குக் குழாய் வெடிக்கவில்லை, வளைக்கும் இடத்தில் நசுங்கவுமில்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் துண்டுப்பிரசுரத்தை அப்படியே பின்பற்றினால் கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, திருக்கோவில் போன்ற கிழக்கிலங்கைக் கரையோர மணலில் மிளகாய்க்கன்று வாடியே நிற்கும். அந்தக் கணக்கு அழுத்தமுள்ள குழாய்நீருக்கும் களிமண்ணுக்கும் போட்டது. நமக்கு இருப்பது கிணறும் பரலும் மணலும்.

முதலில் உயரம். 4 லீற்றர் என்ற அளவு 1 பார் அழுத்தத்தில்தான் கிடைக்கும். அதற்குத் தண்ணீர் 10 மீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். 200 லீற்றர் பரலை 1 மீற்றர் மேடையில் வைத்தால், பரல் நிரம்பியிருக்கும்போது ஒரு ட்ரிப்பர் மணிக்கு ஏறக்குறைய 1.7 லீற்றர் விடும். அடிக்கு வரும்போது 1.3 லீற்றருக்கு இறங்கிவிடும். சராசரி ஒன்றரை லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது குறையில்லை. காய்க்கும் பருவத்து மிளகாய்க்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான் தேவை. பிரசுரத்தைப் பார்த்து 4 லீற்றர் போகிறது என்று நம்பி கால் மணித்தியாலத்தில் மூடிவிடுவதுதான் பிழைக்கும் இடம்.

வாங்கும்போது அழுத்தத்தைச் சமப்படுத்தும் வகை ட்ரிப்பரா என்று கேளுங்கள். அந்த வகை அரை பாருக்குக் கீழே ஒழுங்காக வேலை செய்யாது, பரலுக்கு உதவாது. கழற்றிக் கழுவக்கூடிய சாதாரண வகையே நமக்கு ஏற்றது.

மேடைக்கு 8 அங்குல உயர சீமெந்துக் கல்லை ஐந்து வரி அடுக்கினால் ஒரு மீற்றர் வந்துவிடும். ஒவ்வொரு வரியையும் முந்திய வரிக்குக் குறுக்காக வையுங்கள். நிரம்பிய பரல் 200 கிலோவுக்கு மேல். மணலில் நேரடியாகக் கல்லை வைத்தால் ஒரு பக்கம் புதைந்து சரியும். ஆகவே அடியில் பழைய கொங்கிரீட் பலகை ஒன்று அவசியம். மரக்கால் மேடை வேண்டாம், பிள்ளைகள் விளையாடும் வளவில் ஒருபோதும் வேண்டாம்.

இனி மணல். களிமண்ணில் ஒரு சொட்டு பக்கவாட்டில் பரவும். மணலில் அது நேரே கீழே இறங்கும். ஒரு மணித்தியாலம் விட்ட பிறகு ட்ரிப்பருக்குப் பக்கத்தில் கையால் தோண்டிப் பாருங்கள்: நனைந்த வட்டம் ஒரு சாண் அகலம்கூட இராது, ஆழம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வேர் எட்டாத ஆழத்துக்குப் போன தண்ணீர் வீண். அதனால் ஒரே தடவையில் விடாமல் காலையில் அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம் என்று பிரித்து விட வேண்டும். ட்ரிப்பர் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். கன்று நடும் குழியில் மக்கிய மாட்டெருவும் தேங்காய்த் தும்புச்சோறும் சம அளவில் கலந்து ஒரு வாளி போட்டால் நனையும் வட்டம் கண்ணுக்குத் தெரியவே பெருக்கும். மேலே வைக்கோல் மூடாக்கு போடுங்கள். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மூடாக்கு இல்லாத பாத்தியில் சொட்டு நீர் பாதிப் பலன்தான் தரும்.

கிட்டின் பெரிய பலவீனம் பில்டர். வலை நல்லதுதான், மணலை மறிக்கும். ஆனால் நம் பகுதியில் பல கிணறுகளில் இரும்புச்சத்து கூட. அள்ளும்போது தண்ணீர் தெளிவாக இருக்கும். காற்றுப் பட்ட பிறகுதான் இரும்பு செம்மஞ்சள் தூளாகப் பிரியும். குழாய்க்குள்ளேயே பிரிந்தால் வழுவழுப்பான படிவமாக ட்ரிப்பரின் வாயில் ஒட்டிக்கொள்ளும். எந்த வலையாலும் அதைத் தடுக்க முடியாது. கிட் வாங்க முன் ஒரு கண்ணாடிப் போத்தலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி ஒரு இரவு வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் செம்மஞ்சள் படிந்திருந்தால் பின்வரும் வேலையைச் செய்யாமல் கிட்டை வாங்க வேண்டாம்.

தண்ணீரை உயரத்திலிருந்து, துளையிட்ட வாளி ஒன்றினூடாகப் பரலுக்குள் ஊற்றுங்கள். காற்றோடு கலந்து இரும்பு பரலிலேயே பிரிந்துவிடும். ஒரு இரவு அடைய விடுங்கள். வெளிக்குழாயைப் பரலின் அடியில் பொருத்தும்படி பிரசுரம் சொல்கிறது. அப்படிச் செய்தால் அடைந்த மண்டி முழுவதும் லைனுக்குள் போய்விடும். அடியிலிருந்து 15 சென்ரிமீற்றர் மேலே துளை போடுங்கள். 165 லீற்றர்தான் எடுக்கலாம், பரவாயில்லை. 60 கன்றுக்கு ஒன்றரை நாளுக்கு மேல் வரும். அடியில் தனியாக ஒரு வால்வு வைத்தால் மண்டியைக் கழுவி விடலாம். வெள்ளைப் பரல் வேண்டாம், வெளிச்சம் புகுந்து பாசி பிடிக்கும். நீலமோ கறுப்போ எடுங்கள். நுளம்பு முட்டையிடாமல் வாயை வலைத்துணியால் கட்டிவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் பில்டரை நான்கு நாளைக்கு ஒரு தடவை கழுவ வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை எண்ட் கப்பைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை லைனை ஓட விட வேண்டும். அடைத்த ட்ரிப்பரைக் கழற்றி ஒரு இரவு வினாகிரியில் ஊறப்போட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். ஊசியால் குத்தாதீர்கள், வழி பெருத்து அந்த ஒரு கன்று மட்டும் வெள்ளத்தில் நிற்கும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீரைப் பாவிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடைப்பைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. பரல் பாதி இருக்கும்போது லைனின் முதல் ட்ரிப்பருக்கும் கடைசி ட்ரிப்பருக்கும் கீழே யோகட் கப் வைத்து மூன்று நிமிடம் பிடியுங்கள். மருந்துக் கிண்ணத்தால் அளந்தால் 75 மில்லிலீற்றர் அளவில் இருக்க வேண்டும். இரண்டும் குறைந்தால் பில்டர், கடைசி மட்டும் குறைந்தால் லைன்.

பஞ்ச் மோசம். நுனி மழுங்கி, துளை கிழிந்து, ட்ரிப்பரைச் சுற்றி ஒழுகுகிறது. சூடாக்கிய ஆணி அதைவிட மோசம். 3 மில்லிமீற்றர் ட்ரில் பிட்டை விரலால் திருகிப் போட்டாலே வட்டமான துளை கிடைக்கும். குழாயை முதலில் வெயிலில் விரித்து வைத்தால் சுருள் நிமிர்ந்து படுக்கும். மெல்லிய ட்யூப்பின் நுனியைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தால் இலகுவாக ஏறும், ஆறியதும் இறுகிவிடும்.

டைமர் உள்ள பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்க முன் ஒன்றைக் கேளுங்கள்: உள்ளே சொலனொய்டா (மின்காந்தத்தால் திறக்கும் வால்வு), பந்து வால்வா? சொலனொய்ட் வகை பலவற்றுக்குத் திறப்பதற்கே அழுத்தம் வேண்டும், ஒரு மீற்றர் பரலில் அவை அசையாது. பந்து வால்வு என்றால் வாங்கலாம்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஊர்களில் கோடை முற்றும்போது கிணறு உவர்க்கும். சொட்டு நீரில் உப்பு நனைந்த வட்டத்தின் ஓரத்தில் சேர்ந்து வெள்ளையாகத் தெரியும். அது வேருக்கு வெளியே இருக்கும்வரை பயிர் தாங்கும். முதல் தூறல் விழுகிற நாளில் பலர் வால்வை மூடிவிடுகிறார்கள். அன்றுதான் மூடக்கூடாது. சிறுமழை அந்த உப்பைக் கரைத்து வேருக்குள் தள்ளும். லைன் ஓடினால் உப்பு வெளியேதான் நிற்கும். பெருமழை வந்து கழுவிய பிறகு மூடலாம்.

கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டிக்கு இந்தக் கிட் பொருந்தும். பாகலும் பயற்றையும் பந்தலடியில் வைத்தால் நன்றாகவே வரும். கத்தரி பெருத்ததும் ஒரு கன்றுக்கு இரண்டு ட்ரிப்பர் கொடுங்கள். மல்லிகைக்கு ட்ரிப்பரைத் தண்டடியில் இல்லாமல் கிளை விரிந்த ஓரத்தில் வையுங்கள். கீரைப் பாத்திக்கு இது சரிவராது, நெருக்கமாக விதைத்த முளைக்கீரைக்குப் பூவாளிதான். சாடி ரோஜாவுக்குப் பாவிக்கலாம், ஆனால் சாடிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். படிக்கட்டில் அடுக்கினால் கீழ்ச்சாடி குடித்துத் தீர்க்கும்.

அணில் கோடையில் குழாயைக் கடிக்கும். வைக்கோலுக்குள் புதைத்தால் குறையும்.

குழாயை மீற்றர் கணக்கில் விற்கும் கடை கிட்ட இருந்தால், பெட்டியை விட்டுத் தனித்தனியாக வாங்குவதே என் விருப்பம். துளை போடும் பஞ்ச் கருவிக்கும் டைமருக்கும் காசு போகாது. எப்படி வாங்கினாலும் ட்ரிப்பர் பத்து, துளை அடைப்பான் பத்து, பில்டரின் வலை ஒன்று உபரியாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வலை எல்லாக் கடையிலும் தனியாகக் கிடைப்பதில்லை. அது கிழிந்தால் மிச்சக் கிட் அத்தனையும் சும்மா கிடக்கும்.