இன்ஃபோசிஸ் ஆண்டறிக்கை: பில் போடாத வருமானம் எங்கே இருக்கிறது?

ஆண்டறிக்கை வந்தால் தலைவர் கடிதத்தைத் தாண்டி நேராகப் பின்பகுதிக் குறிப்புகளுக்குப் போய்விடுவேன். வேலை நடந்தும் இன்னும் பில் போடாத வருமானத்தை இன்ஃபோசிஸ் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. நாள் கடந்தாலே கேட்டு வாங்கலாம் என்றால் நிதிச் சொத்து. ஒப்பந்தத்தில் சொன்ன கட்டத்தை எட்டினால்தான் பில் என்றால் நிதிசாராச் சொத்து. என் கண் இரண்டாவதில்தான். விற்பனையைவிட அது வேகமாக ஏறினால், லாபம் ஏட்டுச் சுரைக்காய்தானோ என்று சந்தேகம் வரும். உடனே பணவரவு அறிக்கையைத் திறந்துவிடுவேன்.

எழுத்து ரொம்பப் பொடி. சரி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பெரிதாக்கிப் படிக்கலாம். எந்த வாடிக்கையாளரிடம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பது மட்டும் அதில் இல்லை. எனக்கு அதுதான் முக்கியம், அதனால் நாலு நட்சத்திரம்.