ட்ராக் டைம் ஃபார்ம்: வருஷக்கணக்கா நிரப்பினதுல தெரிஞ்சது

பிரிட்டன்ல யூனிவர்சிட்டில வேலை பாக்குறவங்களுக்கு ட்ராக்னா (TRAC) தெரியும். 2000-ஐ ஒட்டி வந்த செலவுக் கணக்கு முறை, பாடம் நடத்த எவ்ளோ ஆகுது ஆராய்ச்சிக்கு எவ்ளோ ஆகுதுன்னு பாக்க சம்பளத்தைப் பிரிக்கணும், சம்பளத்தைப் பிரிக்க எங்க நேரத்தைப் பிரிக்கணும், அதுக்குத்தான் இந்த ஃபார்ம்.

நிரப்புறது ஈஸிதான். டீச்சிங், ரிசர்ச், மத்தது, அப்புறம் சப்போர்ட் (இதுக்கெல்லாம் துணையா செய்யற நிர்வாக வேலை மாதிரி), ஒவ்வொண்ணுக்கும் நேரத்துல எத்தனை சதவீதம்னு போடணும், எல்லாம் கூட்டினா 100 வரணும். தொல்லையே அந்த 100தான். வாரம் 35 மணி நேரம் வேலை செஞ்சாலும் 100, சனி ஞாயிறு சேத்து 55 மணி நேரம் உழைச்சாலும் 100. ரிசர்ச் 40னு போட்டா ஒருத்தருக்கு அது 14 மணி நேரம், இன்னொருத்தருக்கு 22. ராத்திரி உக்காந்து பேப்பர் திருத்தினது எங்கயுமே தெரியாது. வேலைப்பளு ஜாஸ்தின்னு காட்ட இதைத் தூக்கிட்டுப் போகாதீங்க, செலவைப் பிரிக்க மட்டும்தான் இது ஆகும்.

அடுத்தது எதை எந்தக் கட்டத்துல போடுறதுங்கற கூத்து. பிஹெச்டி பண்ற பொண்ணு அனுப்புன சாப்டரை மதியம் முழுக்க உக்காந்து பாத்தா டீச்சிங்னுதானே தோணும், இல்ல, அது ரிசர்ச். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு கிராண்ட் ப்ரபோசல் எழுதினா ரிசர்ச்னு நினைப்போம், அது சப்போர்ட். எங்க சீனியர் ஒருத்தர் மீட்டிங் எல்லாத்தையும் ரிசர்ச்லயே போடுவார், கேட்டா "அங்க உக்காந்து நான் அதைத்தானய்யா யோசிக்கிறேன்"ம்பார். இப்படி ஆளாளுக்குப் போட்டா சராசரி எடுத்து என்ன பிரயோஜனம்?

டெர்ம் முடிஞ்சு யோசிச்சுப் போடுறப்ப லெக்சர் ஞாபகம் நிக்கும், ரெகமண்டேஷன் லெட்டர், மார்க் என்ட்ரி, "ஒரு அஞ்சு நிமிஷம் சார்"னு கதவைத் தட்டுற ஸ்டூடண்ட், இதெல்லாம் நிக்காது. காலண்டர்ல அன்னன்னிக்கே கலர் போட ஆரம்பிச்சப்புறம்தான் என் சப்போர்ட் கட்டம் எவ்ளோ பெருசுன்னு தெரிஞ்சுது. அரை மணி நேரத்துக்குக் கீழ குறிக்காதீங்க, குறிக்கிறதே தனி வேலையாயிடும்.

ஐரோப்பிய யூனியனோட ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப் ப்ராஜெக்ட்ல இருந்தா சதவீதம் இல்ல, நாள் கணக்கு, வருஷத்துக்கு 215 வேலை நாள்னு வச்சு மாசா மாசம் கையெழுத்துப் போட்டுத் தரணும். எரிச்சல்தான், ஆனா மாசம் முடியறப்பவே எழுதிடறதால எனக்கு அதுதான் நம்பகமாப் படுது.

ட்ராக் ஃபார்ம்ல தனி ஆள் போட்ட சதவீதம் டிபார்ட்மென்ட் ஹெட் கைக்குப் போகுமான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்குங்க. போகும்னு தெரிஞ்சா ஒருத்தரும் உள்ளதைப் போட மாட்டாங்க, எல்லாரும் அழகா 40, 40, 20தான்.