நீரோடிக்கு அந்தப் பக்கம், பந்து பார்க்க ஒரு டீக்கடை

கொல்லங்கோட்டிலிருந்து வருகிறவர்கள் நீரோடியில் இறங்கி, கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கிய ஐந்து நிமிடத்தில், முன்பக்கம் ஓலை இறக்கிய ஒரு டீக்கடை வரும். பெயர்ப்பலகை கிடையாது. பொழியூரில் யாரிடம் கேட்டாலும் பந்துக்கடை என்று கை காட்டுவார்கள். ஒன்பது வருடமாகப் போகிறேன். இப்போதாவது நாலு வார்த்தை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் சாப்பாடு. சாயா நல்ல கடுப்பம். ஏத்தன்பழ அப்பம் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சட்டியிலிருந்து இறங்கும். பழம் தோல் கறுக்கும் வரை வெட்ட மாட்டார், அதனால் சில நாள் அப்பமே இருக்காது. இரவில் மரச்சீனிக் கிழங்கும் சூரைக்கறியும், தட்டு 80 ரூபாய். சூரை பிடிக்கிறவன் நான். எந்தக் கடையிலும் சூரைக்கறியை நம்பித் தின்ன மாட்டேன். இங்கே தின்பேன். குடம்புளி போட்டு முந்தின நாளே வைத்த கறி. மீன் துண்டை விரலால் அமுக்கினால் இதழ் இதழாகப் பிரியும், பொடியாகாது.

ஆனால் இங்கே யாரும் கறிக்காக வருவதில்லை. பந்து, அதாவது டிவியில் கால்பந்து ஆட்டம் பார்க்கத்தான் வருகிறார்கள். டிவிக்கு முன்னால் இரண்டு பெஞ்சு. ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீகில் ஆடுகிற இரண்டு அணிகள்தான் இங்கே கட்சி: கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்கள் அடுப்புப் பக்கம், சென்னையின் எஃப்சி ஆட்கள் கடல் பக்கம். இப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அப்படியே ஆகிவிட்டது. 2020 பிப்ரவரி 1-ஆம் தேதி கொச்சியில் சென்னை ஆறுக்கு மூன்று என்று ஜெயித்த ராத்திரி நான் கடல் பக்க பெஞ்சில் இருந்தேன். எங்கள் போட் அப்போது எஞ்சின் வேலைக்காகக் கரையில் கிடந்தது. கிரிவெல்லாரோ இரண்டு, வால்ஸ்கிஸ் இரண்டு, சாங்தே இரண்டு. எதிர் பெஞ்சில் ஒக்பெச்சேயின் மூன்று கோலுக்கும் எழுந்து கத்திய பையன், ஆறாவது கோல் விழுந்ததும் எனக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தான்.

கடைக்காரரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம், இரண்டு பக்கத்து ஆட்களும். பழைய ஸ்ட்ரைக்கர். வலது முட்டி போய் முப்பது வருடமாகிறது. அவர் பிளாஸ்டர்ஸ் கட்சி. ஆனாலும் ஒரு சென்னைக் கோச்சுக்காக அவர் விட்ட பெருமூச்சை வேறு யாருக்காகவும் விட்டதில்லை. அந்தக் கோச் ஓவன் கோய்ல்.

அது தொடங்கியது வளைகுடாவில். 2009 ஆகஸ்டில் அண்ணன் அங்கே ஒரு தொழிலாளர் கேம்ப்பில் இருந்தார். கேம்ப் முழுக்க மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள். 33 வருடத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் முதல் டிவிஷனுக்குத் திரும்பி வந்திருந்த பர்ன்லி என்ற சின்ன ஊர் அணியோடு ஆட்டம். ராபி பிளேக் பந்தைக் கீழே விழ விடாமல் அடித்த ஒரு கோல், ஜென்சன் தடுத்த ஒரு பெனால்டி, அவ்வளவுதான், பர்ன்லி ஜெயித்துவிட்டது. கேம்ப்பே உறைந்து கிடக்க அண்ணன் மட்டும் பர்ன்லியின் கோச் யாரென்று பார்த்திருக்கிறார். "அதுக்கு முன்னாடி நான் கோச்சைப் பார்த்ததே இல்லை, மக்களே. பந்தைத்தான் பார்ப்பேன்" என்று என்னிடம் சொன்னார்.

அதற்கப்புறம் கோய்லின் கதையை அவர் ஒவ்வொரு துண்டாகச் சேர்த்து வைத்திருக்கிறார். 1966-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தவர். டம்பார்டன், கிளைட்பேங்க், ஏர்ட்ரி என்று சின்ன கிளப்புகளில் கோல் அடித்துப் பெயரெடுத்தவர். அயர்லாந்துக்காக ஒரே ஒரு ஆட்டம். அண்ணனுக்கு உயிரான துண்டு 1995-இல் வருகிறது. லண்டன் வெம்ப்ளியில், பிரீமியர் லீகுக்கு ஏறப்போவது யார் என்று முடிவு செய்கிற பிளேஆஃப் இறுதி ஆட்டம். ரெடிங்கிடம் இரண்டு கோல் வாங்கி, கோய்ல் ஆடிய போல்டன் தவித்துக்கொண்டிருக்கிறது. கால் மணி நேரம்தான் பாக்கி. அப்போது முதல் கோலைத் தலையால் முட்டிப் போட்டது கோய்ல். போல்டன் நான்குக்கு மூன்று என்று ஜெயித்தது. பதினான்கு வருடம் கழித்து அதே வெம்ப்ளியில், ஷெஃபீல்ட் யுனைடெட்டை ஒரு கோலில் தோற்கடித்து, பர்ன்லியைப் பிரீமியர் லீகுக்கு ஏற்றியதும் அவரே. இதைச் சொல்லும்போது அண்ணன் சாயா ஆற்றுவதை நிறுத்திவிடுவார். முன்னால் நிற்கிறவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

எங்களுக்குள் ஒரு சண்டை உண்டு. 2010 ஜனவரியில், சீசன் பாதியில், கோய்ல் பர்ன்லியை விட்டுவிட்டு போல்டனுக்குப் போனார். அந்த சீசனிலேயே பர்ன்லி கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. போட் நடுக்கடலில் இருக்கும்போது அதை ஓட்டுகிற ஸ்ராங்கு வேறு போட்டுக்குத் தாவலாமா என்பது என் கேள்வி. விளையாடிய வீட்டிலிருந்து கூப்பிட்டால் எப்படிப் போகாமல் இருப்பது என்பது அண்ணனின் பதில். இன்று வரை நான் ஒத்துக்கொள்ளவில்லை. போல்டனும் 2012-இல் கடைசி நாளில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இறங்கியது.

இந்தக் கடையை நான் சிபாரிசு செய்வதற்கான காரணம் இனிமேல்தான் வருகிறது. அண்ணனிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. நான் தங்கல் போட்டில் வேலை செய்கிறவன். ஒருமுறை போனால் இருபத்தைந்து, முப்பது நாள். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் நாங்கள் கரையில் இருக்கும்போது ஐஎஸ்எல் இருக்காது. ஐஎஸ்எல் நடக்கும்போது நாங்கள் கடலில். கரையேறி வந்ததும் அண்ணன் கேட்காமலே நோட்டை எடுத்து வைப்பார். யார் கோல் அடித்தார் என்பதைப் போனில் பார்த்துவிடலாம். ஆனால் எந்த நிமிடத்தில் யாரை வெளியே எடுத்தார்கள், அதற்கப்புறம் இடது பக்கம் எப்படித் திறந்தது என்பதெல்லாம் அந்த நோட்டில்தான் இருக்கும். நீல மையில் ஆட்டம், சிவப்பு மையில் கோச் செய்தது. 2019 டிசம்பரிலிருந்து சிவப்பு அதிகம். முதல் ஆறு ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்திருந்த சென்னை, கோய்ல் வந்த பிறகு நான்காவது இடத்துக்கு ஏறியது, அரையிறுதியில் கோவாவை ஆறுக்கு ஐந்து என்ற மொத்தக் கணக்கில் தாண்டியது. எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது.

2020 மார்ச் 14 இறுதி ஆட்டத்தின்போது நான் கடலில். கொரோனா காரணமாகக் காலி மைதானத்தில் நடந்தது என்பதே எனக்குத் தெரியாது. ஊர் அடைத்துக் கிடந்த நாளில் அண்ணன் மதிலுக்கு மேலாக நோட்டை நீட்டினார். கொல்கத்தாவின் ஏடிகே 3, சென்னை 1. ஜெயித்த அணியில் எங்கள் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜ் இருந்தான். யாருக்காக வருத்தப்படுவது என்று தெரியாமல் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். பின்னால் ஜாம்ஷெட்பூருக்குக் கோச்சாகப் போன கோய்ல், அந்த அணியை 43 புள்ளியோடு லீக் சுற்றில் முதலிடத்துக்கான ஷீல்டுக்குக் கொண்டுபோன 2022-இல் தர்மசங்கடம் அண்ணனுக்கு: அரையிறுதியில் கோய்லைத் தோற்கடித்தது பிளாஸ்டர்ஸ். அந்தப் பக்கத்தில் சிவப்பு மையே இல்லை.

நோட்டில் நான் மெதுவாகப் புரட்டுகிற ஒரு பக்கம் 2017 டிசம்பர். ஓகிப் புயல் வந்த நேரம். பத்து நாள் டிவியில் செய்தி மட்டும்தான் ஓடியது. அந்தப் பக்கத்தில் ஆட்டம் எதுவும் இல்லை, கடலுக்குப் போனவர்களின் பெயர்கள் இருக்கின்றன. திரும்பி வந்தவர்களுக்கு நேரே ஒரு டிக். டிக் இல்லாத பெயர்களில் என் அத்தை மகன் பெயரும் உண்டு. அந்தப் பக்கம் திறந்தால் அண்ணன் ஃபாப்ரிஸ் முவாம்பாவைப் பற்றிப் பேசுவார். 2012 மார்ச் 17, லண்டனில் ஸ்பர்ஸ் என்கிற டாட்டன்ஹாம் அணியோடு ஆட்டம். போல்டன் பையன் முவாம்பா ஓடிக்கொண்டிருந்தபடியே விழுந்தான். 78 நிமிடம் இதயம் தானாகத் துடிக்கவில்லை. கோய்ல் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனார். பையன் பிழைத்தான். "அவனுக்கு டிக் போட்டாச்சு" என்பார் அண்ணன். வேறெதுவும் சொல்ல மாட்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மழை பெய்தால் நெட் போகிறது. கோல் அடிக்கிற நேரம் பார்த்துப் படம் நின்றுவிடும், பக்கத்து வீட்டுச் சத்தத்தை வைத்துத்தான் கணக்கு. கழிப்பறை இல்லை. பெண்கள் உட்கார இடமே இல்லை. எங்கள் ஊரில் பந்து விளையாடுகிற பெண் பிள்ளைகள் இருக்கும்போது இது பெரிய குறை, அண்ணனிடமே சொல்லிவிட்டேன். மூன்றாவதாக ஒரு பெஞ்சு போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

2023-இல் கோய்ல் சென்னைக்குத் திரும்பி வந்து முதல் வருடம் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனார். அடுத்த வருடம், 24 ஆட்டம், 27 புள்ளி, 11-ஆவது இடம். அந்த சீசன் கடைசியில் கடல் பக்க பெஞ்சில் நானும் இன்னொருவரும்தான். பிளாஸ்டர்ஸும் எட்டாவதோடு நின்றதால் அடுப்புப் பக்கமும் காலி. இரண்டு பேருக்காக அண்ணன் டிவியை அணைக்கவில்லை, கிழங்கையும் குறைத்து அவிக்கவில்லை. கோய்ல் போன செய்தி வந்தபோது நான் கடலில் இருந்தேன். வந்து பார்த்தால் நோட்டில் தேதியும் பெயரும் மட்டும் சிவப்பில். ஏன் வேறெதுவும் எழுதவில்லை என்று கேட்டேன். "எங்காவது ஒரு டீம் எடுப்பான், அப்போ எழுதலாம்" என்றார்.

போகிறவர்கள் ஆறரைக்கே போய்விடுங்கள், ஏழரைக்கு ஆட்டம் என்றால் ஏழுக்கெல்லாம் கறி தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் வரை அடுப்புப் பற்றாது. நோட்டைக் கேட்டால் கொடுப்பார்; கையைத் துடைத்துவிட்டு வாங்குங்கள்.